செல் சவ்வைப் புரதங்கள் வளைக்கின்றனவா, இல்லை ஏற்கெனவே வளைந்த இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்கின்றனவா?

இரண்டும் நடக்கும். பல சமயம் ஒரே புரதமே இரண்டு வேலையையும் பார்க்கும். எது நடக்கும் என்பது அந்த இடத்தில் எவ்வளவு புரதம் கூடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு செல் உயிரியல் எடுக்கிறேன். கரும்பலகையில் சவ்வை இரண்டு நேர்கோடாக வரைந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

ஆம்ஃபிஃபைசின் என்றொரு புரதம். அதிலுள்ள 'பார்' (BAR) என்ற பகுதியின் வடிவத்தை 2004இல் கேம்பிரிட்ஜில் ஹார்வி மக்மஹோன் குழு வெளியிட்டது. இரண்டு மூலக்கூறுகள் பின்னிப் பிறைபோல வளைந்திருக்கும். பிறையின் உள்வளைவில் நேர்மின்னூட்டம். செல்லுக்குள் பார்த்திருக்கும் சவ்வுப் பரப்பிலோ எதிர்மின்னூட்டம் உள்ள கொழுப்புகள். அதனால் ஒட்டுகிறது. சவ்வு தட்டையாக இருந்தால் பிறை முழுதாகப் படியாது, பிடி தளரும். வளைந்த இடத்தில் நன்றாகப் படியும், அங்கேயே தங்கும். கொஞ்சம் புரதம் இருக்கும்வரை கதை இவ்வளவுதான். கூட்டம் சேர்ந்தால் சவ்வுதான் புரதத்தின் வடிவத்துக்கு வர வேண்டும். சோதனைக்குழாயில் கொழுப்புக் குமிழிகளோடு இதை நிறையக் கலந்தால் குமிழிகள் மெல்லிய குழல்களாக நீண்டுவிடும்.

"அப்பம் எது மொதல்ல சார்?" என்று சேரன்மாதேவிப் பையன் ஒருவன் கேட்டான். தாமிரபரணியைத்தான் சொன்னேன். ஆறு திரும்பும் இடத்தில் தண்ணீர் வெளிக்கரையை அரிக்கிறது. அரித்த கரை தண்ணீரை இன்னும் திருப்புகிறது. எது முதல் என்று அங்கேயும் பிரிக்க முடியாது.

எப்சின் என்ற இன்னொரு புரதத்தின் வழி வேறு. சவ்வில் ஒட்டியதும் அதன் ஒரு முனை சுருளாகி, சவ்வின் இரண்டு அடுக்குகளில் ஒன்றுக்குள் மட்டும் ஆப்பாக இறங்கும். அந்த அடுக்கு விரிய, சவ்வு வளைகிறது. இப்படி வளைந்து வளைந்து சவ்வு குமிழியாகத் திரளும். கடைசியில் அந்தக் குமிழியின் கழுத்தைச் சுற்றி இறுக்கி அறுப்பது டைனமின் என்ற புரதம். சூடு தாங்காத டைனமின் உள்ள பழ ஈ வகை ஒன்று உண்டு. 30 டிகிரியை ஒட்டினாலே நரம்பு முனையில் குமிழிகள் அறுபடாமல் நின்று, ஈ முடங்கி விழும். குளிர்ந்தால் எழுந்துவிடும். சித்திரை மாதம் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தால் காலை பத்து மணிக்கே படுத்துவிடும்!

வடிவம்தான் எல்லாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். சவ்வை வளைப்பதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத, ஜெல்லிமீனின் பச்சை ஒளிர் புரதத்தைச் சவ்வில் நெருக்கமாகக் கட்டிவைத்தாலும் சவ்வு வளைகிறது என்று 2012இல் காட்டிவிட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் நெரிசல், அவை இடித்துக்கொள்ளும் அழுத்தம், அவ்வளவுதான். உயிருள்ள செல்லில் வடிவத்தின் பங்கு எவ்வளவு, நெரிசலின் பங்கு எவ்வளவு என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை.