பிரெய்ரி நாய் நிஜமாகவே நாயா? அவ்வளவு ஆழ வளையில் அதற்கு மூச்சு முட்டாதா?

நாய் இல்லை, தரை அணில். குரல் குரைப்பதுபோல் கேட்பதால் வந்த பெயர். வட அமெரிக்கப் புல்வெளிகளில் அதிகம் தென்படுவது கறுப்பு வால் இனம். எடை ஏறக்குறைய ஒரு கிலோ.

வளை 2, 3 மீட்டர் ஆழம் போகும். காற்றோட்டத்தின் சூட்சுமம் அதன் வாய்களில் இருக்கிறது. ஒரு வாயில் மண்ணைத் தாழ்வாக, அகலமாகக் குவிக்கும். இன்னொன்றில் ஈர மண்ணை மூக்கால் குத்திக் குத்தி இறுக்கி, எரிமலை வாய்போல் உயர்த்திக் கட்டும். உற்றுப் பார்த்தால் மூக்குத் தடம்கூடத் தெரியும். உயரத்தில் காற்றின் வேகம் கூடுதல், அங்கே அழுத்தம் குறைவு. அதனால் தாழ்ந்த வாயில் நுழையும் காற்று உயர்ந்த வாய் வழியாக வெளியேறும். இளங்காற்றே போதும். மழை வெள்ளம் உள்ளே இறங்காமலும் அந்த மேடு தடுக்கும்.

சுற்றியுள்ள உயரமான செடிகளைத் தின்னாவிட்டாலும் கடித்துத் தள்ளும். நரி போன்ற வேட்டை விலங்கான கொயோட்டி வருவது தெரிய வேண்டுமே! ஓர் ஆண், மூன்று நான்கு பெண்கள், குட்டிகள் என்பது வழக்கமான குடும்பம். வாயோடு வாய் உரசிக் கொஞ்சும் இதே பெண்கள், பால்குடிக் காலத்தில் உறவுக்காரியின் குட்டிகளைக் கொல்வதும் உண்டு. பார்க்கச் சாது, அவ்வளவுதான்.

பருந்தைவிடப் பெரிய எமன் பிளேக். 1900 வாக்கில் கப்பல் எலிகளோடு அமெரிக்காவுக்கு வந்த நோய் என்பதால் இவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவி, ஒரு குடியிருப்பில் 90 சதவீதத்துக்கு மேல் துடைத்துவிடும்.