புயல் எச்சரிக்கை வந்தாலே பதற்றம், அப்பா படுத்த படுக்கை: எப்போது கிளம்புவது?

முதல் எச்சரிக்கையிலேயே கிளம்பிவிடுங்கள். தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மற்றவர்கள் கடைசி நேரத்தில் ஓடலாம், பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவோடு அது முடியாது.

எச்சரிக்கை கேட்டதும் நெஞ்சு படபடக்கிறது, இரவெல்லாம் தூக்கமில்லை, நான் கோழையா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை. போவதா இருப்பதா என்ற முடிவை, பயம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், அதுவும் தனியாக எடுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அதுதான் காரணம். வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து எழுதி வையுங்கள்: எந்த அறிவிப்பு வந்தால் கிளம்புவது, யாருடைய வண்டி, எங்கே, அங்கே கட்டில் போட இடம் உண்டா.

அப்புறம் பகலில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். கட்டிலிலிருந்து வண்டி வரை எத்தனை பேர் வேண்டும், எத்தனை நிமிடம் ஆகிறது? என் அம்மாவுக்கு 10 நிமிடம் போதும் என்று நினைத்தேன், 40 ஆனது. வாசற்படியில் தூக்க ஆள் போதவில்லை. அது தெரிந்த பிறகுதான் பக்கத்து வீட்டு அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். பாதி பயம் அன்றே குறைந்தது.

படுக்கைப்புண் வராமலிருக்க அப்பாவுக்குப் பம்பு வைத்த காற்று மெத்தை போட்டிருந்தால், மின்சாரம் போனதும் பம்பு நின்று மெத்தை அமுங்கிவிடும். அடியில் சாதாரண மெத்தை ஒன்று இருக்கட்டும். மருந்து 7 நாளுக்காவது கையிருப்பு வேண்டும், மருந்துச்சீட்டின் நகலும்.

ஒன்று மட்டும்: புயல் ஓய்ந்து 2 வாரம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரிடம் உங்களுக்காகவும் பேசுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.