மெதுவாகப் படிப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

என் வயது 39. இயந்திரம் பழுதுபார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். ஆனால் மேற்பார்வையாளர் பதவியை இருமுறை வேண்டாம் என்றுவிட்டேன். தினமும் அறிக்கை எழுத வேண்டுமே! மகளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் சிரமம் என்று சென்ற மாதம் சொன்னார்கள். விவரம் கேட்கக் கேட்க, என் பள்ளிப் பருவத்தையே யாரோ சொல்வதுபோல இருந்தது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. நான் மந்தமா? இந்த வயதில் சோதித்து என்ன ஆகப்போகிறது?

ர.

அன்புள்ள ர.,

இது குடும்பத்தில் தொடரக்கூடியது. பிள்ளையைச் சோதிக்கப் போய்த் தன்னைப் பற்றித் தெரிந்துகொண்ட பெற்றோர் நிறைய. மந்தம் என்ற பேச்சை விடுங்கள். 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கு வரும், எழுத்து மட்டும் வராது. பாடத்தை முழுக்க வாய்மொழியாக நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்றாராம் அவனுடைய ஆசிரியர்.

எழுத்தை ஒலியோடு சேர்க்கும் வேலை மற்றவர்களுக்குத் தானாக நடக்கிறது. டிஸ்லெக்சியா உள்ளவர்கள் ஒவ்வொரு முறையும் முயன்று செய்யவேண்டும். வளர்ந்தபின் பலர் ஓரளவு பிழையில்லாமல் படித்துவிடுவார்கள், வேகம்தான் வராது. அதனால் வெளியே தெரிவதில்லை. "கண்ணாடியை மறந்துட்டேன், நீங்களே படிச்சிருங்க" என்பார்கள். படிவத்தை வீட்டில் நிரப்பித் தருகிறேன் என்பார்கள். கூட்டத்தில் வாசிக்கும் முறை நெருங்கினால் போன் வந்ததுபோல எழுந்து போவார்கள். பார்க்கிறவர்கள் இதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், படிக்கச் சிரமப்படுவதைவிட அதை மறைப்பதுதான் ஆளை அதிகம் தின்கிறது. உங்கள் பதவி உயர்வைத் தின்றதும் அதுதான்.

சரி, சோதித்து என்ன பயன்? குறை மறைந்துவிடாது. ஆனால் தேர்வில் கூடுதல் நேரம், வேலையில் சில மாற்றுவசதிகள் கேட்கப் பல நாடுகளில் சட்டம் இடம் தருகிறது; அதற்குச் சான்று வேண்டும். பெரியவர்களைச் சோதித்துப் பழகிய உளவியலாளரைப் பாருங்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அறிக்கையை வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும், எழுதியதைத் திரும்ப வாசித்தும் காட்டும். பிழை இருந்தால் காதே சொல்லிவிடும்.

மனைவியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மகளுக்கு உதவப்போகிற இருவரில் ஒருவர் விஷயத்தை ஒளித்துவைத்தால் எப்படி?

அப்புறம் ஒன்று. முறையான பயிற்சியால் இந்த வயதிலும் முன்னேறலாம், ஆனால் மெதுவாக. வண்ணக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது வருவார்கள். அதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.