உத்யம் சான்றிதழில் ‘டிரேடிங்’ என்று விழுந்துவிட்டதா? என்ஐசி குறியீட்டைத் தேர்ந்தெடுப்பதும் திருத்துவதும்

கேள்வி: விருதுநகர் பக்கம் 2024ல் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கினோம். சாம்பார்ப் பொடி, மிளகாய்த் தூளை நாங்களே வறுத்து அரைக்கிறோம், அப்பளமும் போடுகிறோம். ஊறுகாய்க்கு மாங்காய், எண்ணெய், உப்பு எல்லாம் வாங்கிக் கொடுத்து, கூலிக்கு ஒரு மகளிர் குழுவிடம் போட்டு வாங்குகிறோம். மஞ்சள் தூளை மட்டும் மூட்டையாக வாங்கி 100 கிராம் பாக்கெட்டில் அடைக்கிறோம். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம், ஒரு பிரவுசிங் சென்டரில் போட்டது. இப்போது எங்கள் சரக்கை எடுக்கும் கடைக்காரர் 4 மாதமாகப் பணம் தரவில்லை. 45 நாள் விதியைச் சொன்னால், ‘உங்கள் சான்றிதழில் டிரேடிங் என்றுதான் இருக்கிறது, அந்த விதி உங்களுக்குக் கிடையாது’ என்கிறார். எங்களுக்குச் சரியான என்ஐசி (தேசியத் தொழில் வகைப்பாடு) குறியீடு எது? கம்பெனி பதிவு எண்ணிலும் மொத்த வியாபாரக் குறியீடுதான் இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டுமா?

பதில்: கடைக்காரர் விவரமானவர். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஆனால் சில்லறை, மொத்த வியாபாரிகளை 2021 ஜூலையில் மறுபடி உத்யத்துக்குள் சேர்த்தபோது, அவர்களுக்கு முன்னுரிமைக் கடன் சலுகை மட்டும்தான் என்று அமைச்சகம் எழுதியே வைத்துவிட்டது. நீங்கள் நாள் முழுக்க மிளகாய் வறுத்துத் தும்மிக்கொண்டிருந்தாலும், சான்றிதழில் குறியீடு 46, 47 (மொத்த, சில்லறை வியாபாரம்) என்று இருந்தால் காகிதப்படி நீங்கள் வியாபாரி. பாதுகாப்பு கேட்டுப் போகிற இடத்தில் முதலில் பார்ப்பது அந்தக் காகிதத்தைத்தான்.

பிரவுசிங் சென்டரில் இந்தத் தவறு எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ‘என்ன தொழில்?’ என்று கேட்பார்கள். நீங்கள், ‘மசாலாப் பொடி விற்கிறோம்’ என்றிருப்பீர்கள். நாமெல்லாம் அப்படித்தானே பேசுவோம்! அவர் ‘விற்கிறோம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பட்டியலில் வியாபாரத்தைத் தட்டிவிட்டார்.

இந்த என்ஐசி பட்டியலை அரசு சலுகை கொடுப்பதற்காகப் போடவில்லை. நாட்டில் எந்தத் தொழில் எவ்வளவு நடக்கிறது என்று எண்ணுவதற்காக மத்திய புள்ளியியல் அமைப்பு போட்டது. இப்போது உத்யத்தில் இருப்பது என்ஐசி 2008; ஐ.நா.வின் பட்டியலை ஒட்டியது. ஏ முதல் யு வரை 21 பிரிவுகள், கடைசிப் படியில் 1304 ஐந்திலக்கக் குறியீடுகள். எண்ணுவதற்கான பட்டியல் என்பதால் அது கேட்பது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் இடத்தில் பொருளுக்கு என்ன ஆகிறது? யாருக்கு விற்கிறீர்கள், கடை வைத்து விற்கிறீர்களா என்பதெல்லாம் அப்புறம். தானே செய்த பொருளைத் தானே விற்பவர் உற்பத்தியாளர்தான்.

சரி, உங்கள் சரக்கை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வறுத்து அரைக்கிற பொடிகளுக்குக் குறியீடு 10795, மசாலாப் பொருள்களை அரைத்துப் பதப்படுத்துதல். அப்பளத்துக்கு 10796. அந்த ஆங்கிலப் பட்டியலில் ‘பப்பட்’ பக்கத்திலேயே ‘அப்பளம்’ என்று நம் சொல்லையும் போட்டிருக்கிறார்கள். முதல் முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த இரண்டிலும் குழப்பம் இல்லை.

ஊறுகாயில்தான் நுணுக்கம். போடுவது நீங்கள் இல்லை, மகளிர் குழு. ஆனாலும் மூலப்பொருள் உங்களுடையது. வேலை முழுவதையும் வெளியில் கொடுத்தாலும், மூலப்பொருளுக்குச் சொந்தக்காரராக இருக்கும்வரை உற்பத்தியாளர் என்றுதான் இந்தப் பட்டியல் எடுத்துக்கொள்ளும். எனவே 10306, ஊறுகாய், சட்னி வகை. அந்தக் குழுவுக்கும் அதே குறியீடுதான். கூலிக்குச் செய்பவரும் செய்கிற பொருளின் கீழேதான் வருவார். நாளைக்கே ‘மாங்காயை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், பாட்டிலுக்கு இவ்வளவு என்று தந்துவிடுகிறோம்’ என்று மாற்றினால், ஊறுகாயைப் பொறுத்தவரை நீங்கள் வியாபாரி ஆகிவிடுவீர்கள். அதனால் மாங்காய், எண்ணெய் வாங்கிய பில் உங்கள் கம்பெனி பேரில் இருக்கட்டும். கூலிக்குத் தனி வவுச்சர் போடுங்கள்.

மஞ்சள் தூள் வியாபாரம்தான், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். மூட்டையைப் பிரித்துச் சின்னப் பாக்கெட்டில் அடைப்பது, தரம் பிரிப்பது, கலப்பது எல்லாம் வியாபாரத்தோடு சேர்ந்த வேலை என்றே பட்டியல் சொல்கிறது. அதற்கு 4630ன் கீழ் உணவுப்பொருள் மொத்த வியாபாரம். இதையும் உற்பத்தி என்று போட்டுவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். உத்யம் என்பது சுய அறிவிப்பு. தெரிந்தே தவறாகச் சொன்னால் எம்எஸ்எம்இ சட்டம் 27வது பிரிவில் அபராதம் உண்டு. தவிர, உங்கள் உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் உற்பத்தியாளர் வேறு, ரீபேக்கர் வேறு. அந்த உரிமத்தையும் உத்யத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். மெஷின்தான் இருக்கிறதே, விரலி மஞ்சளாக வாங்கி நீங்களே அரைத்தால் என்ன? அப்படிச் செய்தால் அதுவும் 10795க்குள் வந்துவிடும்.

9ல் முடிகிற குறியீடுகளில் பல ‘வேறெங்கும் சொல்லப்படாத மற்றவை’ என்ற வகை. உணவில் 10799 அப்படிப்பட்டது. தேடப் பொறுமை இல்லாதவர்கள் போய் உட்காரும் இடம் அது. பக்கத்துக் குறியீடுகளை எல்லாம் படித்துப் பார்த்து, எதிலும் சேரவில்லை என்றால் மட்டும் அங்கே போகலாம்.

பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் ஆபத்து. இந்த வேலைக்கு வந்த புதிதில், டீ-ஷர்ட் தைக்கும் ஒரு திருப்பூர் கம்பெனிக்கு நானே 1430 போட்டுக் கொடுத்தேன். பின்னலாடை என்கிறார்களே, பட்டியலிலும் பின்னலாடை என்று இருக்கிறதே என்று. 1430ல் முதன்மையாக வருவது நூலிலிருந்து நேராக உடையின் வடிவத்திலேயே பின்னி எடுப்பது, ஸ்வெட்டர் மாதிரி. பின்னிய துணியை வாங்கி வெட்டித் தைத்தால் அது 1410. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்; பட்டியலில் இரண்டு வீடு. குறியீட்டின் கீழே இருக்கும் விளக்கத்தைப் படிக்காமல் போட்டது என் தவறுதான்.

இனி திருத்தும் வேலை. உத்யத்தில் இது எளிது, கட்டணமும் கிடையாது. முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடியும் அரசுத் தளத்தில் அப்டேட் பகுதிக்குப் போய், உத்யம் எண்ணையும் மொபைல் எண்ணையும் கொடுத்தால் ஓடிபி வரும். உள்ளே முக்கியத் தொழிலை உற்பத்தி என்று மாற்றுங்கள். பிறகு 10795, 10796, 10306 மூன்றையும் சேருங்கள். இரண்டு இலக்கம், நான்கு இலக்கம், ஐந்து இலக்கம் என்று படிப்படியாகத் திறக்கும். மஞ்சள் தூள் இருக்கும்வரை வியாபாரக் குறியீடும் இருக்கட்டும். ஒரு நிறுவனத்துக்கு ஒரு உத்யம்தான், அதற்குள் எத்தனை தொழிலும் சேர்க்கலாம். ஆகவே ‘புதிதாக இன்னொன்று போட்டுத் தருகிறேன்’ என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு சிக்கல் வரலாம். பதிவின்போது சென்டர்காரர் தன் மொபைல் எண்ணையே போட்டிருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். அவரைப் பிடிக்க முடிந்தால் கையோடு உங்கள் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள்.

கம்பெனி பதிவு எண்ணுக்கு வருவோம். 21 இடங்கள் கொண்ட அந்த சிஐஎன்னில், முதல் எழுத்தான ‘யு’வுக்கு அடுத்த ஐந்து இலக்கம் தொழில் குறியீடு, பிறகு டிஎன் (தமிழ்நாடு), 2024 (தொடங்கிய ஆண்டு), பிடிசி (பிரைவேட் லிமிடெட்), கடைசியில் ஆறு இலக்கம். இதில் 46 என்று தொடங்குவதைப் பார்த்துத்தான் பதறுகிறீர்கள். முதலில் கம்பெனி தொடங்கியபோது பதிவு செய்த மெமோரண்டத்தை எடுத்து மூன்றாவது ஷரத்தின் முதன்மை நோக்கத்தைப் படியுங்கள். கம்பெனி என்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்த வாசகம்தான், சிஐஎன்னில் உள்ள ஐந்து இலக்கம் இல்லை. அதில் ‘தயாரித்தல், பதப்படுத்துதல்’ என்று ஒரு வரி இருந்தால், என் யோசனை சிஐஎன்னை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்பதே.

வெறும் ‘வாங்கி விற்றல்’ மட்டும் இருந்தால் விட முடியாது. போர்டு கூட்டம், 21 நாள் நோட்டீஸ் கொடுத்துப் பங்குதாரர் கூட்டம், எதிர் ஓட்டைப் போல மூன்று மடங்கு ஆதரவோடு சிறப்புத் தீர்மானம், 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளருக்கு எம்ஜிடி-14 படிவம். தொழில் பிரிவு மாறுகிறதா என்று அந்தப் படிவத்திலேயே கேள்வி வரும். ‘ஆம்’ என்று சொல்லி உணவு உற்பத்திக்கான 10ஐக் கொடுங்கள். சிஐஎன் மாறினால் பில், லெட்டர்பேடு எல்லாவற்றிலும் புது எண் அச்சடிக்க வேண்டும், வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். சின்னக் கம்பெனிக்கு இது ஒரு மாத அலைச்சல்.

ஜிஎஸ்டியில் இருக்கும் எச்எஸ்என்னை இதோடு கலக்காதீர்கள். அது பொருளின் குறியீடு, வரிக்காக. அப்பளம் அங்கே 1905, ரொட்டி பிஸ்கட்டோடு ஒரே தலைப்பில் இருக்கும். வருமான வரிப் படிவத்தின் தொழில் குறியீடு வேறொரு பட்டியல். அதுவும் ஐந்து இலக்கம் என்பதால் என்ஐசி எண்ணை அங்கே எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஜிஎஸ்டி பதிவில் தொழிலின் தன்மை ‘மொத்த வியாபாரம்’ என்று மட்டும் டிக் ஆகியிருந்தால், உற்பத்தியையும் சேர்த்துத் திருத்தம் போட்டுவிடுங்கள்.

அந்த 4 மாத பாக்கிக்கு இந்தத் திருத்தம் உடனே கைகொடுக்கும் என்று எண்ண வேண்டாம். பதிவுக்கு முன் நடந்த சப்ளைக்குப் பின்தேதியிட்டுப் பாதுகாப்பு கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2021ல் சொல்லியிருக்கிறது. உங்களிடம் பதிவு இருந்தது, குறியீடுதான் தப்பு. எனவே வாதாட இடம் உண்டு. உரிமம், மெஷின் பில், மாங்காய் பில் எல்லாம் அதற்கு உதவும். வாதத்தின் முடிவு வரும்வரை காத்திருக்காமல், திருத்திய சான்றிதழின் நகலை அடுத்த சரக்கோடு அந்தக் கடைக்காரருக்கு அனுப்பி, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இனி வரும் எல்லா பில்லிலும் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்குக் காலத்தில் பணம் தராவிட்டால், தரும் வருடம்வரை அந்தத் தொகையைச் செலவாகக் கழிக்க முடியாது என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரி விதி இருக்கிறது. மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டர் பாக்கிப் பட்டியலை எடுக்கும்போது, உங்கள் பில்லில் அந்த எண் கண்ணில் பட வேண்டும்.