டைரியை என்ன செய்வது?

அன்புள்ள சார்,

எனக்கு 23 வயது. ஊர் காவேரிப்பட்டணம். ஓசூர் சிப்காட்டில் வேலை, ரூமில் தனியாக இருக்கிறேன். தினமும் ராத்திரி 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்' என்று பக்கம் பக்கமாக டைரி எழுதுகிறேன். எழுதி முடித்தால் மனசு இன்னும் கனத்துப்போகிறது. தன்னையே நினைத்துக்கொண்டிருந்தால் மனச்சோர்வு வரும் என்று படித்தேன். நான் சுயநலக்காரனா? டைரியை எரித்துவிடவா? (கடிதம் சுருக்கப்பட்டது)

க.

அன்புள்ள தம்பி,

சுயநலம் என்றெல்லாம் உளறாதீர்கள். சுயநலக்காரன் ராத்திரி நன்றாகத் தூங்குவான். மொபைலைத் திட்டி நீங்கள் எழுதியிருந்த பத்தியை வெட்டிவிட்டேன், புதிதாக ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் அந்த 'ஏன்' மேல்தான். கொஞ்ச நாளாக நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம், சோகம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு வைத்திருந்தார். இரண்டு வாரத்தில், 1989 அக்டோபரில், அங்கே பெரிய நிலநடுக்கம். மறுபடி போய்க் கேட்டார். சோகத்தையே நோண்டும் பழக்கம் முன்பே இருந்தவர்கள் 7 வாரம் கழித்தும் மற்றவர்களைவிடச் சோர்ந்திருந்தார்கள். வேறு சோதனைகளில், ஏற்கனவே வாடியிருந்த மாணவர்களை 8 நிமிடம் தங்களைப் பற்றியே யோசிக்க வைத்தால் வாட்டம் கூடியது. வாட்டம் இல்லாதவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே தன்னைப் பற்றி நினைப்பதே நோய் என்று பயப்படாதீர்கள்.

உங்கள் வயதில் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை பார்த்தேன். பெல்ட்டில் பெங்களூரா மாங்காய் வந்துகொண்டே இருக்கும், அழுகலைப் பொறுக்கிப் போட வேண்டும். பக்கத்தில் நின்ற அக்கா, "என்னா தம்பி, மூஞ்சி தொங்குது?" என்பார். "ஏன்னு தெரியலக்கா" என்பேன். "நான் ஏன்னு கேட்டனா? என்னாச்சுன்னுதான கேட்டேன்" என்று அதட்டுவார். என்னாச்சு என்றால் சொல்லிவிட முடிந்தது. வட்டிக்காரர் வீட்டுக்கு வந்துபோயிருந்தார், அப்பா சாப்பிடவில்லை.

'ஏன் எனக்கு மட்டும்' என்பதற்குப் பதிலே கிடையாது. அதனால்தான் அது இரண்டு மணி வரைக்கும் ஓடுகிறது. ஷிப்டில் சூப்பர்வைசர் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள், நாளைக்கு என்ன செய்யலாம்? இவற்றுக்குப் பதில் உண்டு. எட் வாட்கின்ஸ் என்பவர் இங்கிலாந்தில் இந்த வித்தியாசத்தை வைத்தே ஒரு சிகிச்சைமுறை அமைத்திருக்கிறார். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் ஒரு ஆள் பெயர்கூட இல்லை, ஒரு நேரம், ஒரு இடம் இல்லை. எல்லாம் ஏன், ஏன், ஏன். படிக்கிற எனக்கே மூச்சு முட்டியது. அந்த அக்கா கையில் கிடைத்திருந்தால் டைரியாலேயே அடித்திருப்பார்.

சரி, தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் என் பதிலை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் இருக்கிறது: டெலி மானஸ், 14416. ராத்திரியிலும் எடுப்பார்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.