பிளஸ் ஒன் படிக்க பெங்களூரு அனுப்பலாமா?

கேள்வி: ஐயா, எங்களுக்குச் சொந்த ஊரே ஏற்காடுதான். கணவருக்கு காபி எஸ்டேட்டில் வேலை. மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள், இப்போது பத்தாவது. பெங்களூருவில் இருக்கும் நாத்தனார், "பி.யூ.சி. (கர்நாடகத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு அந்தப் பெயர்) இங்கே படிக்கட்டும், கோச்சிங் நன்றாக இருக்கும்" என்கிறார். அங்கே போனால் தமிழ்நாட்டு சீட் போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– ஒரு தாய், ஏற்காடு

பதில்: பாதி உண்மை, அம்மா. தமிழ்நாட்டு ஒதுக்கீடு மொத்தமாகப் போய்விடாது. நேட்டிவிட்டி என்று சொல்கிறோமே, அந்தப் பிறப்பிடச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்தால், வெளியில் படித்த பிள்ளையும் பொறியியல் கலந்தாய்வுக்கும் மருத்துவக் கலந்தாய்வுக்கும் வரலாம். மருத்துவத்துக்கு உங்கள் இருவருடைய ரேஷன் கார்டு, ஆதார் போன்றவற்றையும் சேர்த்துக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் வேறு. "ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதன் மதிப்பு உங்கள் நாத்தனாருக்குத் தெரிந்திருக்காது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது, அதில் சீட் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. ஐந்து வருடம் முடித்துவிட்டாள், இன்னும் இரண்டே வருடம். நடுவில் பெங்களூரு போனால் அது போனதுதான், எந்தச் சான்றிதழாலும் திரும்ப வராது.

சரி, அங்கே கர்நாடக ஒதுக்கீடாவது கிடைக்குமா என்றால், அதற்கு ஏழு வருடமாவது அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும்.

அப்புறம் என்.ஐ.டி. என்கிற மத்திய அரசு பொறியியல் கல்லூரிகள் மீது ஆசை இருந்தால் இதையும் கேளுங்கள். அங்கே பாதி இடம் உள்மாநிலத்துக்கு, பாதி வெளிமாநிலத்துக்கு. எது உள்மாநிலம் என்பதைச் சொந்த ஊரோ நேட்டிவிட்டியோ முடிவு செய்வதில்லை, பிளஸ் டூ எந்த மாநிலத்தில் தேறினாள் என்பதுதான் கணக்கு. பெங்களூருவில் முடித்தால் கர்நாடகத்தில் உள்ள சூரத்கல் என்.ஐ.டி. அவளுக்கு உள்மாநிலம் ஆகிவிடும், நம் திருச்சி என்.ஐ.டி.யில் அவள் வெளிமாநிலத்துப் பெண்.

அதனால் அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்வேன். கோச்சிங் வேண்டுமென்றால் சேலத்திலேயே இருக்கிறது, மலையிலிருந்து தினமும் இறங்கி ஏறுவது சிரமம் என்றால் விடுமுறை வகுப்புகளுக்கு மட்டுமாவது அனுப்புங்கள். அரசுப் பள்ளிகளிலேயே நீட் பயிற்சி இலவசமாக நடக்கிறது, தலைமை ஆசிரியரிடம் இந்த வாரமே விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் பூர்வீகம் ராஜஸ்தான். மகன் ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை சேலத்தில்தான் படித்தான். அவன் இங்கே வெளிமாநிலத்தவனா?
– ஒரு வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: இல்லை. எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்ததால் பொறியியல் கலந்தாய்வுக்கு நேட்டிவிட்டி இல்லாமலே விண்ணப்பிக்கலாம். ஆனால் பொதுப்பிரிவில்தான் எடுத்துக்கொள்வார்கள், ராஜஸ்தானில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இதில் எடுபடாது. திருச்சி என்.ஐ.டி.யில் அவன் உள்மாநிலத்துப் பையன்தான்.