வேலையை விட்டு போக்கரா? கொஞ்சம் பொறுங்கள்

தம்பி, களுவாஞ்சிக்குடியில் இருக்கும் கடை வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக போக்கர் ஆடலாமா, மூன்று மாதமாக லாபம் வருகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு விடாதீர்கள்.

மூன்று மாதக் கணக்கு எதையும் காட்டாது. நம்மூர் 304 சீட்டாட்டம் ஆடிப் பழகிய கை என்றால் சீட்டைப் படிக்கத் தெரியும், சரி. ஆனால் போக்கரில் உங்களிடம் இரண்டு ஏஸ் (தொடக்கத்தில் கிடைக்கக்கூடிய மிகப் பலமான சீட்டுகள்), எதிராளியிடம் இரண்டு கிங் என்று வைத்து முதலிலேயே முழுக் காசையும் இறக்கினாலும், ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை தோற்பீர்கள். நன்றாக ஆடுகிறவருக்கும் சில சமயம் மாதக்கணக்கில் காசு இறங்கிக்கொண்டே போகும். அந்த மாதங்களில் வீட்டு அரிசிக்கு எங்கே போவீர்கள்?

2003இல் அமெரிக்கரான கிறிஸ் மணிமேக்கர் உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 இலட்சம் டொலர் வென்ற கதைதான் எல்லோரையும் இழுக்கிறது. அந்தப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். அவரும் அப்போது கணக்காளர் வேலையில்தான் இருந்தார்.

ஒரு கொப்பி எடுத்து, ஒவ்வொரு நாளும் போட்டது, எடுத்தது, மேசைக்குக் கழித்த கட்டணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு வருடம் எழுதிவிட்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். நகையை மட்டும் அடகு வைக்காதீர்கள். என் மச்சான் தன் மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து ஆடினார். அதை மீட்க நான்கு வருடம் போனது.